இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு

அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுபத்திரண்டு வயதில் செய்கிற காரியமா இது. வழவழவென்ற தாளில் அச்சடித்த இருபத்து நாலு பக்கப் புத்தகத்தை நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி ரெக்கார்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதிரே சோபாவில் சிகாமணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறான், வலது கண்ணில் புரை எடுத்து நாலு நாள்தான் ஆகிறது, இடது கண் ஏற்கெனவே மங்கல், ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினாள், அதனால்தான் தப்பித்தேன், அதனால்தான் மாட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம், ஏனென்றால் பார்சலைப் பிரித்த கையோடு அவன் கேட்டது, "உள்ள புக் இருக்கும்னு சொன்னாங்களே, இருக்கா பிலோ? ரெக்கார்டைப் போட்டுட்டு அதை எனக்குப் படிச்சுக் காட்டு." இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லிப் புரட்டினேன். நடுப் பக்கத்துக்கு வந்ததும் மூடிவிட்டேன். "முதல்ல பாட்டைக் கேட்போம், படிக்கிறதெல்லாம் அப்புறம்" என்றேன், குரல் சரியாகத்தான் வந்தது, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டு டீச்சராக இருந்தவளுக்குக் குரலை நேராக வைத்துக்கொள்ளத் தெரியாதா, ஆனால் கைதான் புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் இங்கே கொண்டுவந்து வைத்தது.

முதல் பாட்டு ஓடுகிறது, அறுபத்தொன்பதில் பதிவு செய்தது, இதில் நான் இல்லை, மூன்று பேர்தான், சிகா கிட்டார், நோயல் டிரம், ஜாஃபர் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறான், மூன்று பேருக்கும் சேர்த்து அறுபது வயதுகூட ஆகவில்லை, மைக் ஒன்றே ஒன்று, அதை நோக்கி மூன்று பேரும் முண்டியடிப்பது காதில் விழுகிறது. கோரல் ட்ரீ, அதுதான் குழுவின் பெயர். கீழ்ப்பாக்கத்தில் ஜாஃபர் வீட்டுக் கொல்லையில் கல்யாண முருங்கை மரத்தடியில் பழகினார்கள், அகராதியில் தேடி அந்தப் பெயரை வைத்தார்கள், சிகாவின் அம்மா மட்டும் கடைசி வரை "முருங்கைக்காய் கச்சேரி" என்றுதான் சொன்னார். முகத்தில் இல்லாத தாடிகூட வரைந்துகொண்டு படம் எடுத்தார்கள், நோயல் ரயில்வே காலனியிலிருந்து ஒரு பச்சை சிக்னல் கண்ணாடியைக் கழற்றி வந்து மேடை விளக்குக்கு முன்னால் கட்டினான், மொத்தக் கூடமும் பாசி பிடித்த கிணறு மாதிரி ஆகிவிட்டது, ஜனம் கத்தியது. கஞ்சா அடித்துவிட்டுத்தான் அப்படிப் பாடினீர்களா என்று ஹாம்பர்க்கிலிருந்து அந்தப் பையன் யோஹன் மெயிலில் ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தான், சிகா பதில் எழுதச் சொன்னான், நாங்கள் பால் போடாத டீ குடித்தோம், நோயல் இரண்டு முட்டை போண்டா சாப்பிடுவான், அவ்வளவுதான், மற்றதெல்லாம் சென்னை வெயில். அந்த யோஹன்தான் இதைச் செய்தவன். பதின்மூன்று வருஷத்தில் நாங்கள் போட்ட அத்தனையும், சின்ன ரெக்கார்டுகள், ஒரே ஒரு பெரிய ரெக்கார்டு, ரேடியோ நிலையத்தில் வாசித்தது, எங்கேயும் வெளிவராத ஆறு பாட்டு, எல்லாவற்றையும் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்து இரண்டு தட்டில் அடக்கிவிட்டான், அட்டையில் கல்யாண முருங்கைப் பூ, ரத்தச் சிவப்பு. மூன்று வருஷம் உழைத்தானாம். அவனுக்கு இங்கிலீஷ் தெரியும். தமிழ் தெரியாது. அங்கேதான் வினை.

"நோயல் இங்க தப்பு விடுவான் பாரு," என்கிறான் சிகா, கையை உயர்த்தி, உயர்த்திய கை காற்றில் நிற்க, நோயல் தப்பு விடுகிறான், சிகா சிரிக்கிறான். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செய்த தப்பு, செய்தவன் ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குள் போய் நாலு வருஷம் ஆகிறது, தப்பு மட்டும் அதே இடத்தில் சரியாக வருகிறது. நானும் சிரிக்கிறேன். புத்தகம் கீழே நழுவுகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன், நாற்காலி கிரீச்சிடுகிறது, "என்ன?" என்கிறான், "ஒண்ணுமில்லை, முட்டி" என்கிறேன். முட்டியின் மேல் எத்தனை பொய் சொல்லலாம்.

இரண்டாவது பாட்டிலிருந்து நான் வருகிறேன். எழுபத்தொன்று. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆர்கன் வாசிக்கிற பெண், தலையில் முக்காடு, முழங்கை மறைகிற சட்டை, பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு பாட்டை இறுதி வரை வாசிக்காமல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றுப் பெட்டி தீரும்வரை விடாமல் இருப்பாள், அது அவளுக்கே பிடித்த ஒரு விளையாட்டு, யாரும் கேட்கவில்லை என்று நினைத்தாள், நோயல் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் மூன்று பேரும் வந்து வாசலில் நின்றார்கள். மூன்று பேரில் ஒருத்தன் பேசவே இல்லை, செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றான், புரசைவாக்கத்து ஸ்டேஷனரிக் கடை முதலியார் வீட்டுப் பையன், பேசாத அவனைத்தான் எழுபத்தாறில் கல்யாணம் செய்துகொண்டேன், கோயிலில் ஒரு தடவை, அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தடவை. மாமியார் இருந்தவரை வீட்டுக்குள் "நீங்க", கச்சேரிக்குக் கிளம்பிப் படி இறங்கியதும் "நீ", படியிலேயே வாய் மாறும், இரண்டு குழந்தை வைத்திருப்பவள் ஒன்றை இறக்கி இன்னொன்றைத் தூக்குகிற மாதிரி. அவர் போன பிறகு நீ மட்டும்தான். மகள் சுடர் சின்னதில் கேட்பாள், ஏன் அப்பாவை அவன் இவன் என்கிறாய் என்று. உன் அப்பா முதலில் எங்கள் கிட்டார்காரன், அப்புறம்தான் அப்பா என்பேன். அந்தச் சுடர்தான் இந்த ரெக்கார்டு பிளேயரைப் புனேயிலிருந்து அனுப்பினாள், ஊசி இறங்கும்போது சத்தமே இல்லை, அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஊசி தட்டைத் தொடுவது கேட்டால்தான் மனசு தயாராகும்.

பக்கம் முடிந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் புத்தகம் தெரியும், அவனுக்குத் தெரியாது, ஆனாலும் எனக்கு அப்படித் தோன்றுகிறது, முதுகுக்குப் பின்னால் கையில் பிடித்துக்கொண்டு போகிறேன், தட்டைத் திருப்ப இரண்டு கை வேண்டும், கக்கத்தில் இடுக்குகிறேன். இரண்டாம் பக்கம். ஐந்து பாட்டு. நான்காவது அது. அட்டையில் 'க்ரோஸ் அட் த்ரீ', மூணு மணிக் காக்கா என்று எங்களுக்குள். வருஷக்கணக்காக இந்த ஊரில், பெங்களூரில், கோயம்புத்தூரில், எங்களைத் தெரிந்த கொஞ்சம் பேருக்கு எங்களைத் தெரிந்ததே அந்த ஒரு பாட்டால்தான், அதன் நடுவில் வருகிற அந்த இரண்டு நிமிஷத்தால்தான், அந்த கிட்டாரால். கிட்டார் என்று எல்லாரும் சொல்கிற அதனால். யோஹன்கூட எழுதியிருக்கிறான், புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில், சிகாமணியின் கிட்டார் அந்த இரண்டு நிமிஷத்தில் கருவியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்று. ஐயோ பையா, நீ நினைத்ததைவிட உண்மையாக எழுதிவிட்டாய். அதற்கு எதிர்ப் பக்கத்தில், அழகாக இருக்கிறதே என்று, அந்த டேப் வந்த அட்டைப் பெட்டியின் மூடியைப் படம் எடுத்து முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறான், பழுப்பேறிய மூடி, ஓரத்தில் டீக்கறை, நீல மையில், அதைப் பதிவு செய்த ஏகாம்பரம் அண்ணனின் கையெழுத்து. தமிழ் எழுத்து அவனுக்குப் பூக்கோலம் மாதிரி தெரிந்திருக்கும்.

எழுபத்து நாலு, ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. கோடம்பாக்கத்தில் சினிமா வேலை இல்லாத நாளில் மட்டும் எங்களுக்கு ஸ்டூடியோ கிடைக்கும், ஒலிப்பதிவாளர் ஏகாம்பரம் அண்ணனுக்கு எங்கள் பாட்டு ஒரு எழவும் புரியாது, ஆனால் பிள்ளைகளைப் பிடிக்கும், என்னைப் பாப்பா என்பார். ஜாஃபர் காலையிலேயே பாடிவிட்டு அக்கா நிக்காஹ்வுக்குத் துணி எடுக்கப் போய்விட்டான். மதியம் சாப்பிட்டுவிட்டு சிகா உட்கார்ந்தான். மூன்று மணி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன், இரண்டு நிமிஷம், ஒரே தடவை, முடித்ததும் ஏகாம்பரம் அண்ணன் "ஓகே" என்று மட்டும் சொன்னார், அவர் ஓகே என்று மட்டும் சொன்னால் பிடித்திருக்கிறது என்று பொருள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறையில் டெலிபோன். கடையிலேயே அவன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், உடனே வரச் சொன்னார்கள். கிட்டாரை நாற்காலியில் அப்படியே போட்டுவிட்டு, ஒயரைக்கூடக் கழற்றாமல், ஓடினான். நானும் போகிறேன் என்றேன், "நீ எதுக்கு, யாருன்னு சொல்றது" என்றான், நியாயம்தான், அன்றைக்கு நான் யார். நோயலும் நானும் மிச்சம். ஒரு டாம்பரின் மட்டும் பாக்கி, அதையாவது முடித்துவிடுவோம் என்று நோயல் போய் நின்றான், குலுக்கினான், பாதியில் ஏகாம்பரம் அண்ணன் மெஷினை நிறுத்தினார், முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. டேப்பில் பக்கம் பக்கமாக நாலு தடம், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதியலாம், நாலாவது தடத்துக்குப் பதில், கிட்டார் இருந்த மூன்றாவது தடத்தின் பொத்தானை அமுக்கியிருந்தார். சிகாவின் கிட்டார் இருந்த இடத்தில் ஜல் ஜல் ஜல். திரும்பச் சுற்றிப் போட்டுப் பார்த்தோம். ஜல் ஜல் ஜல். "பாப்பா, வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும், ரெண்டு பொண்ணுங்க இருக்கு" என்றார் அந்த மனுஷர், நாற்பது வயது, கண்ணில் தண்ணீர். டேப் ஸ்பூல் திங்கட்கிழமை கல்கத்தாவுக்குப் போக வேண்டும், தவறினால் ரெக்கார்டு கம்பெனி எங்களுக்கு ஒதுக்கிய இடம் வேறு யாருக்கோ. நான் ஸ்டூடியோவின் மின்சார ஆர்கன் முன்னால் உட்கார்ந்தேன். சிகா விட்டுப்போன ஃபஸ் டப்பாவை, ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேர்காரர் பிஸ்கட் டின்னுக்குள் செய்து கொடுத்தது, அதில் எதை நுழைத்தாலும் கரகரவென்று தொண்டை கட்டிய சத்தம் வரும், அதில் ஆர்கனின் ஒயரைச் செருகினோம், என் கால் எட்டவில்லை, நோயல் தரையில் மல்லாந்து படுத்துக் கையால் அமுக்கினான். கிட்டாரா ஆர்கனா என்று தெரியாத ஒரு ஜந்துவின் குரல் வந்தது. அவன் வாசித்ததை அப்படியே வாசிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். சத்தியமாக. இரண்டு வரிக்கு மேல் என் விரல் கேட்கவில்லை. அவன் இப்போது எந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறானோ என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன், எங்கெங்கோ போனேன், எப்படி முடித்தேன் என்று தெரியாது. ஏகாம்பரம் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஓகேகூட. மறுபடி டெலிபோன் அடித்தது, மூன்றே கால் மணிக்கே உயிர் போய்விட்டதாம்.

இரண்டாம் பக்கம் இரண்டாவது பாட்டு. சொல்லியிருக்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தான், ஜாஃபர் வீட்டுக் கொல்லையில், மரத்தடியில், அதற்குள் மாதிரித் தட்டு வந்திருந்தது, போட்டோம், அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தான். நோயல் என்னைப் பார்த்தான், நான் மண்ணைப் பார்த்தேன். "நானா இப்படி வாசிச்சேன்?" என்றான்.  "பிலோ, நானா?" "ஆமா" என்றேன். ஒரே ஒரு சொல். வேறு என்ன சொல்வது, மொட்டைத் தலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, காது இரண்டும் தனியாகத் தெரிந்தன, சின்னப் பையன் மாதிரி இருந்தான். அப்போதுதான் சொன்னான், "அந்த நேரத்துலதான் அப்பா போனாரு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. ஒரு நாளும் என் கிட்டாரை உட்கார்ந்து கேட்டதில்லை அவரு. போறப்ப வந்து கேட்டுட்டுப் போயிருக்காரு. என் கையில வந்துட்டுப் போயிருக்காரு." அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல முடியும், சொல்லுங்கள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட வேறு எதையோ சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் அந்த ஆமா தடித்துக்கொண்டே போனது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மேடையில் கேட்டார்களே. போன இடமெல்லாம் கேட்டார்கள், காக்கா, காக்கா என்று, அவன் அந்த இடத்துக்கு வரும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அவன் நன்றாகத்தான் வாசிப்பான், ஆனால் அது அல்ல, தட்டில் இருப்பது அல்ல. தினம் காலையில் ஆபீஸுக்குப் போவதற்கு முன் தட்டைப் போட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, விரலைத் தேய்த்துத் தேய்த்து, இன்சூரன்ஸ் ஆபீஸில் பைல் பிடித்த விரலில் காப்புக் காய்த்தது. நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பெங்களூரில் எண்பத்திரண்டில், ஒரு கல்லூரி அரங்கத்தில், பாதியில் நிறுத்தினான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஜனம் காத்துக்கொண்டிருந்தது, அவன் கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். ரயிலில் சொன்னான், "ஒரு நாள் மட்டும் எனக்குக் கை வந்தது பிலோ. அப்பாவோட போயிடுச்சு. பொய்யா எத்தனை நாள் நிக்கிறது." பொய்யாக என்று அவன் சொன்னான், என்னிடம், எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம். ஜோலார்பேட்டை வந்தது, வடை வாங்கினோம். அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. கிட்டாரை நோயலின் தம்பிக்குக் கொடுத்துவிட்டான்.

நான்காவது பாட்டு.

ஜாஃபரின் குரல், டிரம், பின்னால் என்னுடைய ஆர்கன், சாதாரணமாக, ஆர்கனாக. இவ்வளவு தெளிவாக நாங்கள் இதைக் கேட்டதே இல்லை. பழைய தட்டில் எல்லாம் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும், யோஹன் அத்தனை பொரியலையும் எடுத்துவிட்டான், நோயல் டிரம் நாற்காலியில் நகர்வதுகூடக் கேட்கிறது. இதோ வருகிறது. வந்துவிட்டது. சிகா கண்ணாடியைக் கழற்றிவிட்டான், போடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவனுடைய இடது கை சோபாவின் கைப்பிடி மேல் போய் விரல்கள் தானாக அமுக்குகின்றன. நான் கேட்கிறேன், என்னை நான் கேட்கிறேன், இருபத்திரண்டு வயதில் பயந்துபோய் ஒருத்தனைத் தேடிக்கொண்டு ஓடுகிற என்னை. டக். டக் டக். என்ன அது. ஆர்கன் கட்டைகள். கட்டையை விரல் அமுக்கும்போது மரம் மரத்தில் தட்டுகிற சத்தம், பழைய தட்டில் பொரியலுக்குள் புதைந்திருந்தது, சுத்தம் செய்த புண்ணியவான் அதை மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறான், டக், டக், கிட்டாரில் ஏது அந்தச் சத்தம். சிகாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"என்ன சத்தம் அது?"

"பழைய டேப்பு இல்லையா. ஏதாவது இருக்கும்."

தலையைச் சாய்த்துக் கேட்கிறான். நாய் கேட்பது மாதிரி, அன்போடுதான் சொல்கிறேன். இரண்டு நிமிஷம் முடிந்து ஜாஃபர் பாட ஆரம்பித்துவிட்டான். "அந்தப் புக்ல நடுவுல பெரிசா ஒரு படம் போட்டிருக்கே," என்கிறான், "நீ புரட்டுறப்ப பழுப்பா தெரிஞ்சது. அது என்ன?"

"டேப் பெட்டி. இந்தப் பாட்டோடது."

"நீலமா ஏதோ இருந்ததே. ஏகாம்பரம் எழுதினதா? என்ன எழுதியிருக்காரு, படி."

புத்தகத்தை எடுக்கிறேன். சூடாக இருக்கிறது, என் சூடு. படிக்க வேண்டியது ஐந்து வரி. மூன்று வரியோடு நிறுத்தலாம். பெயர், டேக் நம்பர், முதல் இரண்டு தடம் என்று படித்துவிட்டு மூடி வைத்தால் முடிந்தது, அவனால் பார்க்க முடியாது. ஒரு வாரம் கழித்துப் பார்ப்பான். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் கடைக்குப் போயிருக்கும்போது, தனியாக, இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. இல்லை, கிழித்துவிடலாம். பழைய பேப்பரோடு போட்டுவிடலாம். உலகம் பூராவும் ஐந்நூறு பிரதியில் இந்தப் பக்கம் இருக்கும், தமிழ் தெரிந்த ஒருத்தன் போன் பண்ணிக் கேட்பான். அதெல்லாம்கூட இல்லை. ஏகாம்பரம் அண்ணன் எழுதி வைத்திருக்கிறார். வேலை போய்விடும் என்று அழுத மனுஷர், யாருக்கும் சொல்லாதே என்று என்னைக் கெஞ்சியவர், வீட்டுக்குப் போவதற்கு முன் பேனாவை எடுத்து உள்ளதை உள்ளபடி எழுதி மூடிவிட்டுப் போயிருக்கிறார். நான் எழுதவே இல்லையே எங்கேயும்.

"மூணு மணிக் காக்கா. டேக் நாலு," என்று படிக்கிறேன். "தடம் ஒண்ணு, டிரம், பேஸ், ஆர்கன். தடம் ரெண்டு, பாட்டு." விரலை அடுத்த வரிக்கு நகர்த்துகிறேன். "தடம் மூணு. கிட்டார் அழிஞ்சு போச்சு, என் தப்பு. பாப்பா ஆர்கன்ல வாசிச்சது. தடம் நாலு, டாம்பரின்."

ஐந்தாவது பாட்டு ஆரம்பித்திருந்தது, குதியாட்டம் போடுகிற பாட்டு, கண்றாவி, நேரம் காலம் தெரியாமல்.  பிறகு, "இன்னொரு தடவை படி" என்றான். படித்தேன். எழுந்தான், சுவரைத் தடவிக்கொண்டு பால்கனிக்குப் போனான், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். கீழே பெரம்பூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நின்று கிளம்பியது. தட்டு தானாக நின்றது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன உரிமை. அந்த முதுகை எனக்குத் தெரியும், அதன் ஒவ்வொரு எலும்பும், இப்போது யாரோ ஒருத்தருடைய முதுகு மாதிரி இருந்தது, அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது, ஐம்பது வருஷம் பயந்த பயமெல்லாம் இதற்கு ஒத்திகை போல.

"எட்டு வருஷம்," என்றான் திரும்பாமல். "தினம் காலையில. நீ சமையல் ரூம்ல இருந்தே."

"இருந்தேன்."

"பெங்களூர்லயும் இருந்தே. ரயில்லயும்."

"இருந்தேன் சிகா."

"அப்பா வந்துட்டுப் போனார்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

 மொட்டையோட வந்து கேட்டே, ஆமான்னுட்டேன், என்று சொன்னேன், அதுதான் முழு உண்மை, சொல்லும்போது அது இத்தனூண்டாக இருந்தது. திரும்பினான். வலது கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. "அழாதே, கண்ணுக்கு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன், சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு போனேன், தள்ளிவிடுவான் என்று நினைத்தேன், தள்ளவில்லை, உட்கார்ந்து தலையை நிமிர்த்தினான், பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு சொட்டு விட்டேன், கன்னத்தில் ஒரு சொட்டு தவறியது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவனின் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறான் என்று நினைத்துப் பதறினேன். சிரிக்கிறான்.

"பத்து விரல்ல வாசிச்சதை நாலு விரல்ல தேடியிருக்கேன்டி! அது எப்படி வரும்? இந்த ஜென்மத்துல வருமா? எனக்குக் கை போயிடுச்சுன்னு நினைச்சேனே. போகவே இல்லையே. இருந்ததே, அப்படியே!" அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "சும்மா நிறுத்திட்டேனே பிலோ." அந்த ஒரு வரியைத்தான் நான் இனிமேல் சுமக்க வேண்டும், சுமப்பேன், அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் கனம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "மறுபடி போடு, அதை மட்டும்" என்றான்.

போட்டேன். இந்தத் தடவை அவன் விரல் எங்கேயும் போகவில்லை, மடியில் கிடந்தது, ஒரு கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து வந்தவன் மாதிரி கேட்டான், எனக்குப் பிறந்து வளர்ந்து இப்படிக் கூச்சமாக இருந்ததில்லை, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். பாதியில், "இங்க ஏன் அரை நொடி நின்னே?" என்றான், ஆர்கன்காரியிடம் கிட்டார்காரன் கேட்கிற கேள்வி, பழைய நாளில் கேட்கிற அதே கண்டிப்பு.

"நோயல் தும்மிட்டான். கீழ படுத்து டப்பாவை அமுக்கினது அவன்தான்."

"கழுதை," என்றான், ஆசையாக. முடியும்வரை கேட்டான். ஊசியைத் தூக்கினேன். "நல்லா வாசிச்சிருக்கே. இதை ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்." பிறகு கொஞ்சம் யோசித்து, குரல் தாழ்ந்து, "அப்போ நான் வாசிச்சேனே அன்னைக்கு. மூணு மணிக்கு. அது?"

"டாம்பரினுக்கு அடியில போயிடுச்சு."

"ஏகாம்பரமும் இல்லை. நோயலும் இல்லை. எனக்கு ஒரு சுரம்கூட ஞாபகம் இல்லை. அது எப்படி இருந்ததுன்னு இனி யாருக்கும் தெரியாது, இல்லையா?"

"எனக்குத் தெரியும்."

மூடியிருந்த கண்ணைத் திறந்து நான் இருக்கிற பக்கம் பார்த்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன், வார்த்தை இல்லாமல், வெறும் முனகலாக, முதல் வரி தாழ்வாக, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, வீட்டுக்குள் வந்துவிட்ட பறவை மாதிரி. பாத்திரம் தேய்க்கும்போது, சுடருக்குத் தொட்டில் ஆட்டும்போது, பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் அதை, சத்தமாக ஒரு தடவையும் இல்லை.  இரண்டாவது சுற்றில் நான் மேலே ஏறியதும் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"இல்லை, இல்லை. அங்க நான் மேல போயிருக்க மாட்டேன். கீழதான் வந்திருப்பேன். நான் எப்பவும் கீழதான் வருவேன்."

"போனே சிகா," என்றேன். "நான் கேட்டுட்டு நின்னேன்."